ஏழாம் எண் வேனின் ஹீட்டர்

பணிமனையில் அவருக்குத் தண்ணிக்காரர் என்று பெயர். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத மனிதர். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், கூலன்ட் என்று வண்டியின் இன்ஜினைக் குளிரவைக்கிற சமாசாரம் எதுவானாலும் அவரிடம்தான் போகும். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். புதிதாகச் சேர்ந்த வாயில்காவலர் ஒருவர் பெயரை மட்டும் கேள்விப்பட்டுவிட்டு, ஒரு வாரம் தினமும் காலையில் அவரை நிறுத்தி, "கொஞ்சம் ஊதுங்க" என்று சொல்லி முகர்ந்து பார்த்தார். இவரும் சளைக்காமல் ஊதினார். வாரக் கடைசியில், "என்னங்க, ஒண்ணும் அகப்படலையா? பாவமா இருக்கு. நாளைக்கு வேணும்னா உங்களுக்காகக் குடிச்சிட்டு வரட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் அந்த ஆளுக்கு விஷயம் உறைத்தது.

நான் அதே பணிமனையில் வண்டிகளின் வயரிங் வேலை பார்ப்பவன். தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கி, மறுபடி கூட்டிவரும் வேன்கள் எங்கள் நிறுவனத்தில் பதினொன்று இருந்தன. ஒன்பது வருஷம் அவர் ஒரு வண்டியின் முன்பக்கத்தில் குனிந்திருப்பார், நான் அதே வண்டியின் உள்ளே மல்லாந்து கிடப்பேன். அவர் கதையைச் சொல்ல என்னைவிட அருகதை குறைந்தவன் யாருமில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

அவருடைய முக்கியமான கருவி இடது புறங்கை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஹீட்டருக்குள் போகும் ரப்பர் ஹோஸ், ஹீட்டரிலிருந்து திரும்பும் ஹோஸ் இரண்டையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். இரண்டும் சுட்டால் உள்ளே தண்ணீர் ஓடுகிறது. ஒன்று சுட்டு மற்றது சில்லென்று இருந்தால் நடுவில் அடைப்பு. இப்படித் தொட்டுத் தொட்டு அந்தக் கையில் முடியே இல்லாமல் போயிருந்தது.

ஒருமுறை ஒரு ஓட்டுநர் வந்து, கொஞ்ச தூரமாக ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான் வருகிறது என்றார். டயர்க்காரர், "சூடு வேணும்னா வீட்டுக்குப் போய் ரெண்டு வார்த்தை எதிர்த்துப் பேசு, தானா கிடைக்கும்" என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது தண்ணிக்காரர் மட்டும் கையிலிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். "அணை, அணை, முதல்ல இன்ஜினை அணை!" அரை மணி நேரம் ஆறவிட்டு மூடியைத் திறந்தால், உள்ளே பாதித் தண்ணீர்கூட இல்லை. தண்ணீர் குறைந்தால் ஹீட்டருக்குப் போகிற ஓட்டம்தான் முதலில் நிற்கும். உள்ளே குளிர்ந்த காற்று வந்தால் வெளியே இன்ஜின் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் அந்த இன்ஜினைப் பழைய இரும்புக்குத்தான் போட்டிருக்க வேண்டும்.

ஏழாம் எண் வேனை ஓட்டியவர் ஒரு பெண். நாற்பதைத் தாண்டியவர். அவரை எல்லோரும் டீச்சர் என்போம். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூடப் பாடம் எடுத்தவரில்லை. ஆனால் யார் எதைத் தப்பாக எழுதியிருந்தாலும் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் நகர்வார். கழிப்பறைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பில்கூட இரண்டு இடத்தில் அவர் சிவப்புக் கோடு இருந்தது. விடிகாலை வேலைக்குப் போகும் பதினான்கு பெண்களைக் கையுறை செய்யும் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை.

ஒரு நாள் அவர் கேட்டார். "அண்ணே, இந்த ஹீட்டர் சூடு எங்கிருந்து வருது? கரண்டா?"

"கரண்டெல்லாம் ஊதுற விசிறிக்கு மட்டும்தான் டீச்சர். அது இவனோட பாடு" என்று என்னைக் காட்டினார் தண்ணிக்காரர். "சூடு இன்ஜினோடது. உள்ள எரியுற சூட்டைத் தண்ணி வாங்கிக்குது. பம்பு அந்தத் தண்ணியைச் சுத்திச் சுத்தி விடுது. முன்னாடி இருக்கிற பெரிய ரேடியேட்டருக்குப் போற வழியில தெர்மோஸ்டாட்னு ஒரு கதவு. இன்ஜின் சீக்கிரம் சூடாகட்டும்னு, தண்ணி நல்லா சுடுற வரைக்கும் அது திறக்காது. ஆனா இந்த ரெண்டு ஹோஸுக்கு அந்தக் கதவு கிடையாது. தண்ணி தகரத் தடுப்பைத் தாண்டி நேரா உங்க டேஷ்போர்டுக்குப் பின்னாடி வந்துடும். அங்க ஒரு குட்டி ரேடியேட்டர் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. விசிறி அது மேல காத்தை ஊதுது. அந்தக் காத்துதான் உங்க காலுக்கும் கண்ணாடிக்கும் வருது."

"அப்போ இன்ஜின் வேண்டாம்னு தூக்கிப் போடுற சூட்டைத்தான் எங்களுக்குக் குடுக்கறீங்க."

"ஆமா. ஓசிச் சூடு."

"நல்ல மரியாதை."

"மரியாதை இல்லாட்டியும் உபகாரம் உண்டு. ஏத்தத்துல இன்ஜின் சூடு காட்டுற முள்ளு சிவப்புக்கிட்டப் போச்சுன்னா ஹீட்டரை முழுசாத் திறந்து விடுங்க. எல்லாருக்கும் வேர்க்கும், உங்களைத் திட்டுவாங்க. ஆனா இன்ஜின் பிழைச்சுக்கும். அதுவும் ஒரு ரேடியேட்டர்தானே."

அந்தக் கோடையில் டீச்சர் அப்படியே செய்தார். கொளுத்துகிற மத்தியானத்தில் ஹீட்டரை முழு வேகத்தில் விட்டு, பதினான்கு பெண்களும் வேர்த்துக் கொட்டி வாய்க்கு வந்தபடி ஏச, வண்டியைப் பணிமனைவரை கொண்டுவந்து சேர்த்தார். இறங்கியவர்களில் ஒருத்தி தண்ணிக்காரரைப் பார்த்து, "இந்த யோசனை உங்களுதாமே? உங்களை ஒரு நாள் உள்ள உட்கார வெச்சு ஓட்டணும்" என்றாள். முன் இருக்கையில் டீச்சருக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவள் அவள். கையுறைகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கும் வேலை. வாய் கொஞ்சம் நீளம்.

பணிமனை மேலாளர் தண்ணிக்காரரின் மச்சினன், மனைவியின் தம்பி. அப்பா அம்மா போன பிறகு பன்னிரண்டு வயதில் அக்கா வீட்டுக்கு வந்தவன். இவர் வீட்டு முன்னறையில் படுத்து, இவர் மிதிவண்டியில் பள்ளிக்கூடம் போய், இவர் படிக்க வைத்துப் படித்தவன். படித்தான், முன்னேறினான், எங்களுக்கு மேலாளராக வந்தான். வந்தான் என்று நான் எழுதுவது இப்போது. அன்று நானும் "சார்" என்றுதான் சொன்னேன். தண்ணிக்காரரும் பணிமனைக்குள் "சார்" என்பார். அவனோ, ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் "மாமா" என்பான்.

இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் டீச்சர் வண்டியை விட்டுவிட்டு, "உள்ள ஏதோ இனிப்பு வாடை அடிக்குதுண்ணே. கண்ணாடியில எண்ணெய் பூசின மாதிரி ஒரு படலம். துடைச்சாலும் போகலை" என்றார். தண்ணிக்காரர் முன் இருக்கைக்குக் கீழே விரிப்பைத் தூக்கினார். ஈரம். விரலால் தொட்டு முகர்ந்தார். கூலன்ட்டேதான். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டர் ஓட்டையாகியிருந்தது.

அதை மாற்ற வேண்டுமென்றால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். எனக்கு ஒரு நாள், அவருக்கு ஒரு நாள், இரண்டு நாள் வண்டி நிற்கும். அதைத்தான் போய் மேலாளரிடம் சொன்னார். மேலாளர் எழுந்து வண்டியிடம் வந்தான். நான் பக்கத்து வேனின் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்திருந்தேன். இரண்டு பேரின் கால்சட்டைகள் தெரிந்தன. பேசியது ஒரு வார்த்தை விடாமல் என் காதில் விழுந்தது.

"ரெண்டு நாள் வண்டி நின்னா ஆளை யார் கொண்டுபோய் விடறது? கூடுதலா ஒரு வண்டிகூட நம்மகிட்ட இல்லையே."

"ஒழுகுதுங்க சார். இப்படியே விட்டா தண்ணி குறைஞ்சு இன்ஜின் போயிடும்."

"இன்ஜின் ஏன் போகணும்? ரெண்டு ஹோஸையும் கழட்டி, ஒண்ணோட ஒண்ணு சேர்த்துக் கட்டி விடுங்க. தண்ணி உள்ள போகாமலே திரும்பிடும். இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது இல்ல?"

"இன்ஜினுக்கு ஆகாது."

"அப்புறம் என்ன மாமா?"

"குளிர் வந்தா கண்ணாடி மூச்சுக் காத்துல மூடிக்கும். இந்த வண்டியில ஏசி கூட இல்லை. பதினாலு பேர் மூச்சு விடறாங்க சார்."

"குளிர் வரட்டும், பார்த்துக்கலாம். புது சாமானுக்கு எழுதிப் போடுறேன். நீங்க கட்டி விடுங்க மாமா."

இரண்டு தடவை மாமா. அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை. வளைந்த ரப்பர் குழாய்த் துண்டு ஒன்று, அதை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் இரண்டு, அரை மணி நேரம். வேலை முடிந்தது. இன்ஜின் எப்போதும்போல ஓடியது. அதுதான் அந்த வேலையின் சாமர்த்தியம். இன்ஜினுக்கு எந்தக் குறையும் தெரியாது.

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு தாள் உண்டு. முதல் தாளில் என்ன பழுது, என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். இரண்டாம் தாளில் என்ன செய்தோம் என்று எழுதிக் கையெழுத்து. தண்ணிக்காரர் முதல் தாளில் கொட்டை எழுத்தில், "ஹீட்டர் கிடையாது. குழிர் வருவதற்குள் கட்டாயம் மாற்ற வேண்டும்" என்று எழுதினார். வண்டி எடுக்க வந்த டீச்சர் அதைப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"குழிர் இல்லண்ணே, குளிர். குளிக்கிற 'ளி'. நீங்க எழுதினதுல குழி தோண்டி வெச்சிருக்கீங்க."

"எழுத்து எப்படி இருந்தா என்ன டீச்சர், அடிக்கிறபோது அடிக்கத்தான் போகுது."

ஒரு மாதம் கழித்துப் புது சாமான் வந்தது. அட்டைப்பெட்டியில் 'வேன் 7' என்று எழுதியிருந்தது. அதே வாரம், அலுவலக ஆட்கள் வருகிற இரண்டாம் எண் வேனில் பெரிய அதிகாரி ஒருவர் ஒரு நாள் வந்திருக்கிறார். கால் சில்லிட்டுப் போயிற்றாம். மேலாளர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே வந்து, இதை இரண்டாம் எண்ணில் போடச் சொன்னான்.

தண்ணிக்காரர் இரண்டாம் எண் வேனின் ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்தார். ஒன்று சுட்டது, மற்றது சில்லென்று இருந்தது. "இது வெறும் அடைப்பு சார். தண்ணியைத் திருப்பி அடிச்சுக் கழுவி விட்டா போதும். புதுசு ஏழுக்கு வந்தது."

"ஏழுதான் ஓடிக்கிட்டிருக்கே மாமா. கழுவி, அது மறுபடி அடைச்சு, அவர் மறுபடி காலைத் தடவினா பேச்சு வாங்குறது நான்."

"அப்படின்னா இதுல இருந்து கழட்டறதைக் கழுவி ஏழுல போடுறேன்."

"போடுங்க. வாரக் கடைசியில ரெண்டு நாள் வண்டி நிக்கட்டும், பார்க்கலாம்."

இரண்டாம் எண் வேனை இரண்டு நாள் நிறுத்தினார்கள். அதிகாரிகளுக்கு அந்த இரண்டு நாளும் வாடகைக் கார் வந்தது. டேஷ்போர்டின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றியது நான்தான். தண்ணிக்காரர் பழைய குட்டி ரேடியேட்டரை வெளியே எடுத்து, ஒரு முழு மதியம் முன்னும் பின்னுமாகத் தண்ணீர் அடித்துக் கழுவினார். முதலில் துருப்பிடித்த சேறாக வந்தது, அப்புறம் தேநீர் நிறம், கடைசியில் தெளிந்த தண்ணீர். உலர்த்தி, இரண்டு வாயையும் துணியால் அடைத்து, தன் அலமாரியில் மேல் தட்டில் வைத்தார். வாரக் கடைசி வந்தது. ஏழாம் எண்ணுக்குத் திருமணச் சவாரி இருந்தது. அடுத்த வாரக் கடைசி வந்தது. அதற்கும் ஏதோ சவாரி. மேல் தட்டில் அது தூசி படிந்துகொண்டிருந்தது.

குளிர் வந்தது. அந்த வருஷம் கொஞ்சம் முன்னதாகவே வந்தது.

டீச்சர் தினமும் காலையில் கேட்பார், "அண்ணே, என் வண்டிக்கு எப்போ?" இவர் மேலாளர் அறைப் பக்கம் பார்ப்பார். சோப்பை உலர்ந்த துணியில் தடவிக் கண்ணாடியின் உட்பக்கம் மெல்லிதாகத் தேய்த்தால் கொஞ்ச நேரம் மூச்சுப் படியாது என்று சொல்லிக் கொடுத்தார். டீச்சர் அதையும் செய்தார். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தும் ஓட்டிப் பார்த்தார். "எங்களைக் கொண்டுபோய் வேலைக்கு விடறீங்களா, ஐஸ் பெட்டியில வைக்கிறீங்களா?" என்று பின்னாலிருந்து சத்தம் வரும், ஜன்னல் மூடிவிடும். கடைசியில் பக்கத்து இருக்கைக்காரி ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டாள். கண்ணாடி மூடும்போதெல்லாம் அவள் எழுந்து குனிந்து டீச்சருக்கு முன்னால் துடைத்துவிடுவாள். "எனக்கு ரெண்டு வேலை, ஒரு சம்பளம்" என்று சொல்லிக்கொண்டேதான் துடைப்பாள்.

அது நடந்தது சூரியன் அப்போதுதான் எழும்பிய நேரம். சாலை வெயிலை நேராகப் பார்த்துத் திரும்பியது. மூச்சு படிந்த கண்ணாடியில் அந்த வெளிச்சம் பட்டதும் முழுக் கண்ணாடியும் வெள்ளைத் துணி மாதிரி ஆகிவிட்டது என்று டீச்சர் பிறகு சொன்னார். பிரேக்கில் காலை வைத்தார். பக்கத்து இருக்கைக்காரி பெல்ட்டை அவிழ்த்து, எழுந்து, துடைக்கக் குனிந்தாள். சாலை ஓரத்தில் பழுதாகி நின்றிருந்த கல் லாரி இருவருக்கும் தெரியவில்லை.

அவள் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். டீச்சரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்குக் கையிலும் முகத்திலும் காயம். வண்டியைக் கட்டி இழுத்து வந்து பணிமனையின் பின்புறம் நிறுத்தினார்கள். தண்ணிக்காரர் போய்ப் பார்த்தார். முன்பக்கம் நசுங்கிப் போயிருந்தது. அவர் கட்டிய இரண்டு கிளாம்ப் மட்டும் அசையவே இல்லை. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வரும் என்றார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், வீட்டில் தண்ணிக்காரரின் மனைவி துணி மடித்துக்கொண்டே பேசியதை மறுநாள் காலை தேநீர்க் கடையில் அவரே என்னிடம் சொன்னார்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"நடந்ததை."

"அவன் என் தம்பி. எனக்குப் பிறந்த வீடுன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். உங்களுக்கு வேலை போனா இன்னொரு இடத்துல ஸ்பேனர் பிடிச்சுக்கலாம். அவனுக்கு அப்படி இல்லை."

"ஒரு பொண்ணு செத்துப்போயிருக்கா."

"நீங்க சொன்னா வந்துடுவாளா?"

இதை என்னிடம் சொல்லிவிட்டு, தேநீரைக் குடிக்காமல் கண்ணாடி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "நீ அன்னைக்குப் பக்கத்து வண்டியில படுத்திருந்தேல்ல? கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சுண்ணே. எல்லாம் கேட்டுச்சு."

"உன்னைக் கேட்டாங்கன்னா சொல்லு. கேட்கலைன்னா நீயா போய் எதுவும் சொல்ல வேண்டாம். உனக்கும் குடும்பம் இருக்கு."

விசாரணை மேலாளர் அறையிலேயே நடந்தது. வந்த அதிகாரி மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேலாளர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருந்தான். எங்களையெல்லாம் சுவரோரமாக நிற்க வைத்திருந்தார்கள். அதிகாரி கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தண்ணிக்காரரிடம் நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"'ஹீட்டர் ஹோஸ் இரண்டும் இணைக்கப்பட்டது.' இதைச் செஞ்சது நீங்கதானே?"

"நான்தாங்க. மேனேஜர் சொன்னார், செஞ்சேன். குளிருக்குள்ள மாத்தியாகணும்னு முதல் தாள்ல எழுதியும் இருக்கேன்."

"முதல் தாள் கோப்புல இல்லை."

"இருந்துச்சுங்க. டீச்சர்கூடப் பார்த்தாங்க. சிவப்புப் பேனாவுல திருத்தினாங்க."

"வண்டியை மோதினதே அவங்கதான். அவங்க சாட்சி சொல்லி நான் எப்படி எடுத்துக்கிறது? வேற யார் இருந்தாங்க?"

தண்ணிக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. அதை நான் சொல்லியே ஆக வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலாளர்தான், "பக்கத்து வண்டியில எலெக்ட்ரீஷியன் இருந்தாருங்க, அவரையே கேளுங்க" என்றான். அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு என்மேல்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "மேனேஜர் இவரை அந்த மாதிரி செய்யச் சொன்னதை நீங்க கேட்டீங்களா?"

என் மூத்த மகளுக்கு அதே நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன். மேலாளரிடம்தான் சொல்லி வைத்திருந்தேன்.

"கம்ப்ரசர் ஓடிக்கிட்டிருந்துச்சுங்க. சத்தத்துல ஒண்ணும் காதுல விழலை" என்றேன்.

அன்று கம்ப்ரசர் ஓடவில்லை. அறையிலிருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

முடிவு ஒரே வாரத்தில் வந்தது. ஓட்டுநர் கவனக்குறைவு. மெக்கானிக் யாரிடமும் அனுமதி வாங்காமல் ஹீட்டரைத் துண்டித்தது குற்றம், அதனால் வேலை நீக்கம். மேலாளர் இனிமேல் நன்றாகக் கண்காணிக்க வேண்டும் என்று அறிவுரை. முதல் தாள்களுக்கு ஒரு தனிக் கோப்பும், அதில் 'ஹீட்டர் சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு கட்டமும் புதிதாக வந்தன. ஆறு மாதத்தில் மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு உயர்த்தப்பட்டான். பணிமனையில் எல்லோரும் சேர்ந்து அவனுக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தோம்.

தண்ணிக்காரர் தன் சாமான்களை எடுத்துப்போக வந்த அன்று நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே வந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து டீச்சர் வீடு திரும்பியதும் தண்ணிக்காரர் அவரைப் பார்க்கப் போயிருக்கிறார். இதை டீச்சரே எனக்குச் சொன்னார். மாடிப்படி ஏற முடியாததால் அவருக்குக் கீழே சாமான்கள் போடும் அறையைக் காலி செய்து கட்டில் போட்டிருந்தார்கள். தண்ணிக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டு, "நான் எழுதினேன் டீச்சர். நீங்க பார்த்தீங்களே" என்றாராம்.

"பார்த்தேண்ணே. எழுதினீங்க. எழுதிட்டுக் கட்டினீங்க. உங்க கைதானே கட்டுச்சு?"

"ஆமா."

"ரெண்டாம் நம்பர் வண்டிக்குப் புதுசு போட்டதும் உங்க கைதானே?"

"ஆமா டீச்சர்."

"மாட்டேன்னு ஒரு வார்த்தை. அதுக்கு எழுத்துப்பிழைகூட வராது" என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.  இவர் கொண்டு போயிருந்த பழங்களை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். டீச்சர் அதை அப்படியே யாரிடமோ கொடுத்துவிட்டாராம். "கோபம்னு இல்லை. அவர் நல்லவர்தான். நல்லவர் கட்டினா மட்டும் கண்ணாடியில வழி தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். என் பங்கு அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சரின் ஓட்டுநர் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. இறந்தவளுடைய அம்மா ஒவ்வொரு விசாரணைக்கும் வந்து, டீச்சருக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் தண்ணிக்காரரின் மனைவி சண்டை போடவில்லை, கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. அதுதான் இன்னும் மோசம் என்று என் மனைவி சொல்வாள். அவளும் அவர் மனைவியும் ஒரே கடையில் சாமான் வாங்குகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பி அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவது பழைய வழக்கம். அது நிற்கவில்லை. விசாரணைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் வந்திருக்கிறான். அக்கா இரண்டு தட்டு வைத்திருக்கிறாள். தண்ணிக்காரர் எழுந்து வெளியே போகப் பார்த்தபோது, "சாப்பாட்டுல என்ன கோபம்? உட்காருங்க" என்றிருக்கிறாள். உட்கார்ந்திருக்கிறார். அவன், "மாமா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று பாத்திரத்தை நகர்த்தியிருக்கிறான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வெயில், மழை, யார் யாருக்குக் கல்யாணம் என்றெல்லாம் அவன் பேசுவான். இவர் தட்டைப் பார்த்துத் தலையாட்டுவார்.

வேறு எந்தப் பணிமனையிலும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெயர் கேட்டதும், "அந்த ஹீட்டர் கேஸா?" என்பார்களாம். கடைசியில் ஊருக்கு வெளியே பழைய வண்டிகளை உடைக்கும் இடமொன்றில் வேலை கிடைத்தது. வண்டியைப் பிரித்து, விற்கக்கூடியதைத் தனியாகவும் எடைக்குப் போடுவதைத் தனியாகவும் அடுக்கும் வேலை. முதுகு கூன் விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வருஷம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. என் மகளுக்கு அந்த அலுவலக வேலை கிடைத்தது. எட்டே மாதத்தில் பிடிக்கவில்லை என்று அவளாகவே விட்டுவிட்டாள். போன மாதம் ஒரு பழைய வேனுக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் தேவைப்பட்டது. எங்கும் கிடைக்கவில்லை. அங்கேதான் போக வேண்டியிருந்தது. அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகலாம் என்றுதான் நினைத்தேன்.

அவர்தான் இருந்தார். கிரீஸ் படிந்த மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். ஒன்பது வருஷம் என்னை வாடா போடா என்று பேசியவர்.

"வாங்க சார். என்ன வேணும்?"

"அண்ணே…" என்றேன்.

"எந்த மாடல் சார்?"

சொன்னேன். உள்ளே போய் நாலைந்து மோட்டார்களைப் புரட்டிப் பார்த்து, ஒன்றை எடுத்து வந்து துணியால் துடைத்து மேசைமேல் வைத்தார். முகத்தில் கோபமில்லை, வருத்தமில்லை, ஒன்றுமில்லை. நான் மனதுக்குள் இரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்த வார்த்தைகளைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ரசீது எழுத ஆரம்பித்துவிட்டார். பெயர் கேட்டார். என் பெயரை என்னிடமே கேட்டார். சொன்னேன், எழுதினார்.

"போட்டுப் பாருங்க சார். சரியா வரலைன்னா ரெண்டு நாளுக்குள்ள திருப்பிக் கொண்டு வாங்க, மாத்திக்கலாம்."

எனக்குப் பின்னால் இன்னொருவர் நின்றிருந்தார். அவரைப் பார்த்து, "சொல்லுங்க சார்" என்றார்.

அந்த மோட்டார் பொருந்தவில்லை. நான் திருப்பிக் கொண்டுபோகவில்லை.